தண்ணியில ஆசிட்டா, ஆசிட்டுல தண்ணியா?

போன வாரம் எங்கள் எதிர்வீட்டு பாஸ்கர் ஒரு பெரிய கவரோடு வந்தார். முகத்தில் எரிச்சல். நகரியில் பிறந்தவர், முப்பது வருஷமாகத் திருப்பதியில் துணிக்கடை வைத்திருக்கிறார். மகள் ஹேமா கெமிக்கல் பிளான்ட் ஆபரேட்டர் படிப்பு முடித்து ஒரு பெயின்ட் கம்பெனியில் இருக்கிறாள். இப்போது ஜெர்மனியில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.

“இன்னா சார் அநியாயம் இது? பொண்ணு படிச்சிட்டா, சர்டிபிகேட்டும் வாங்கிட்டா. அத அவங்க ஒத்துக்கணும்னா, இன்னா பாடம் படிச்சா, எத்தினி மணி நேரம் பிளான்ட்ல நின்னா, அல்லாத்தையும் அவங்க பாஷையில மாத்திக் குடுக்கணுமாம். மாத்தறவரும் சர்க்கார் ஒத்துக்கின ஆளா இருக்கணுமாம். ஒரு எழுத்து தப்புன்னு ரெண்டு தபா திருப்பி அனுப்பிச்சிட்டாங்க!”

“சரியாத்தான் செஞ்சிருக்காங்க” என்றேன்.

பாஸ்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? சர்க்கார் விதிகளைக் கிண்டல் செய்தே இந்தப் பக்கத்தை வாராவாரம் நிரப்புகிறவன் நான். நானே விதிக்குப் பரிந்துகொண்டு பேசினால்...?

காரணம் இருக்கிறது. இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த காரணம்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மெட்ராஸ் ராஜ்யத்திலிருந்து ஆந்திரா பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லைத் தகராறு மட்டும் இழுத்துக்கொண்டே இருந்து, ஒரு வழியாக அப்போதுதான் முடிந்திருந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்து ஊர்கள் எங்கள் ஆந்திரா பக்கம் வந்தன. அந்த ஊர்களில் யாரும் பெட்டி கட்டவில்லை, வண்டி ஏறவில்லை. ஃபைல்கள்தான் வண்டி ஏறின. சிவப்பு நாடா கட்டிய மூட்டைகளாக அவை எங்கள் ஆபீஸ் வராந்தாவில் வந்து இறங்கிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கே உட்கார்ந்தாலும் பழைய காகித வாசனை. பிரித்தால் தும்மல்.

அந்தச் சித்தூரை நினைத்தால் இப்போதும் மனசு இளகிவிடும். ஆபீஸுக்கு எதிரே ஒரு ஹோட்டல். காபி கேட்பது தெலுங்கில். சர்க்கரை போதவில்லை என்று சண்டை போடுவது தமிழில். பில்லை மட்டும் எல்லோரும் இங்கிலீஷில் கூட்டிப் பார்ப்பார்கள். யாருக்கும் அது விசேஷமாகத் தோன்றியதில்லை. நான் புத்தூர்க்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ். ஆகவே மெட்ராஸ் ஃபைல் எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். “கூப்புடு அந்த மூணு பாஷைக்காரனை” என்பார் ஹெட் கிளார்க். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டுதான் எழுந்து போவேன்.

அப்படி ஒரு நாள் என் மேஜைக்கு வந்தவர்தான் முனிரத்தினம்.

என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஒல்லி. வெள்ளைச் சட்டையில், வயிற்றுப் பக்கம், கடுகு கடுகாகப் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள். ஆசிட் தெறித்த ஓட்டைகள் என்று பிறகுதான் தெரிந்தது. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வடசென்னையில் ஒரு ஆசிட் ஃபேக்டரியில் மூன்று வருஷம் பயிற்சி முடித்து, மெட்ராஸ் சர்க்கார் முத்திரை போட்ட சர்டிபிகேட் வாங்கியிருந்தார். பயிற்சி முடிந்ததும் ஃபேக்டரியில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால், ஊர் வேறு ராஜ்யத்தில் இருக்கிறது!

“மெட்ராஸ்ல போய்க் கேட்டேன் சார். ‘உன் ஊரு ஆந்திராவுக்குப் போய்டுச்சுப்பா, அங்க போய்க் கேளு’ன்னாங்க. இங்க வந்தா, ‘இது மெட்ராஸ் சர்டிபிகேட்டு, அங்க போய்க் கேளு’ன்றாங்க. நான் நடுவுல போய்க்கினும் வந்துக்கினும் இருக்கேன்.”

ரேணிகுண்டா பக்கத்தில் சர்க்கார் ஒரு சின்ன ரசாயனக் கூடம் தொடங்கவிருந்தது. பேட்டரிக்கு ஆசிட், தோட்டங்களுக்கு அடிக்க மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். அதற்கு ஆபரேட்டர் ஒருவர் தேவை. மெட்ராஸ் சர்டிபிகேட்டை ஏற்கலாமா, கூடாதா? மேலிடம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஹைதராபாத்திலிருந்து ஒரு எக்ஸாமினர் வருவார்; வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். அவர் திருப்தியானால், அந்தச் சர்டிபிகேட் நம்முடையதற்குச் சமம் என்று எழுதிவிடுவார்.

“வேலை கெடைக்கலைன்னா?” என்று முனிரத்தினத்திடம் கேட்டேன்.

“என் மச்சான் பம்பாயில இருக்கான் சார். ஹார்பர் டாக்ல மூட்டை தூக்கற வேலைக்கு சொல்லி வெச்சிருக்கான். மாசக் கடைசில கெளம்பிடணும்.” சர்டிபிகேட்டைத் தூக்கிக் காட்டினார். “மூணு வருசம் கத்துக்கினது சார். மூட்டை தூக்கறதுக்கு இன்னாத்துக்கு அது?”

எக்ஸாமினர் வந்தார். பெயர் காசிம் சாகிப். நரைத்த தாடி, கறுப்பு ஷெர்வானி, ரொம்ப மரியாதையான மனிதர். பியூன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால்கூட நன்றி சொல்லுவார். உருதுவும் இங்கிலீஷும்தான் தெரியும். தெலுங்கு தட்டுத் தடுமாறி. தமிழ் சுத்தமாகக் கிடையாது. அவர் கேள்வியைத் தமிழில் சொல்லி, பதிலை இங்கிலீஷில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வேறு யார்? காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனேன்.

முனிரத்தினம் மேஜைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

முதல் கேள்வி: ஆசிட் உடம்பில் பட்டால் என்ன செய்வீர்கள்?

“மொதல்ல தண்ணி சார். நெறைய தண்ணி. துணியால அழுத்தித் தொடைக்கக் கூடாது. கத்தறது, ஓடறது, டாக்டரு, அல்லாம் அப்பறம்தான்.”

நான் ‘கத்தறது, ஓடறது’ இரண்டையும் விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன். ஓர் அதிகாரிக்கு முன்னால் அதெல்லாம் எதற்கு என்று எனக்கு எண்ணம்.

மயில்துத்தத்தைச் சூடு செய்தால்?

“நீலம் போயி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாயிடும் சார். அதுல ஒரு சொட்டுத் தண்ணி உட்டா திரும்ப நீலம்.”

காசிம் சாகிப் தலையாட்டி எழுதிக்கொண்டார். மூன்றாவது கேள்வி — கெட்டியான ஆசிட்டைப் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி நீர்க்கச் செய்வது எப்படி?

“தண்ணில ஆசிட்ட உடுவேன் சார். மெதுவா. கலக்கிக்கினே.”

எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. அந்த நேரத்தில் என் கவலை எல்லாம் இங்கிலீஷ் இலக்கணத்தில் இருந்தது. ‘ஷல்’ போடுவதா, ‘வில்’ போடுவதா? அதை யோசித்துக்கொண்டே, அவர் சொன்ன வார்த்தைகளை வந்த வரிசையில் கோத்து இங்கிலீஷாக்கினேன். முதலில் தண்ணீர், பிறகு ஆசிட். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றுவேன் என்கிறார், சார்!

காசிம் சாகிப் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நிச்சயமாக அப்படித்தான் சொன்னாரா? இன்னொரு முறை கேளுங்கள்.”

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் திருப்பிக் கேட்டால், எனக்குத் தமிழ் புரியவில்லை என்று நினைத்துவிடுவாரே? மூணு பாஷைக்காரன் என்ற பெயர் என்ன ஆவது?

“நிச்சயமாக, சார்” என்றேன்.

அவர் எதையோ எழுதி, கோடு இழுத்தார். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. முனிரத்தினம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். “நல்லா சொல்லிக் குட்த்தீங்க சார். ரொம்ப தாங்ஸ்” என்றார். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இருக்கிறதே... அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. ‘பயிற்சி சமமானதல்ல. ஆளை ஆசிட் பக்கம் விடுவது ஆபத்து.’

காகிதத்தை வாங்க முனிரத்தினம் வந்தபோது நான்தான் படித்துச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை.

“எந்தக் கேள்வி சார் தப்பாச்சு?”

“ஆசிட்டை எப்படிக் கலக்கறதுன்னு கேட்டாரே... அது.”

“தண்ணில ஆசிட்டுன்னுதானே சார் சொன்னேன்?” அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “ஆசிட்டுல போய் எவனாச்சும் தண்ணிய ஊத்துவானா சார்? குபீர்னு பொங்கி மூஞ்சில அடிக்குமே! எங்க செட்டுல ஒருத்தன் ஊத்திட்டான். ரெண்டு கண்ணும் பூட்ச்சு. அவன தூக்கிக்கினு ஓடனதே நான்தான் சார்!”

அந்தக் கணமே புரிந்துவிட்டது. யார் எதைத் தப்பாகச் சொன்னது என்று சந்தேகமே இல்லை.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. “எக்ஸாமினர் முடிவு பண்ணதுங்க. நாம என்ன பண்ண முடியும்?” என்றேன். அவர் காகிதத்தை நாலாக மடித்து, ஓட்டை விழுந்த சட்டையின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வேலை நிரந்தரமாக எனக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. ஃபைல் மூடியாகிவிட்டது. இப்படி நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வெள்ளிக்கிழமை வரை ஓட்டினேன். அவர் பம்பாயில் மூட்டை தூக்கப்போவதுகூட என்னை அவ்வளவு அரிக்கவில்லை. ஆபத்தான ஆள் என்று எழுதிய காகிதத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தூக்குவாரே என்பதுதான் என்னை அரித்தது. கண் போனவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதனைப் பற்றி, என் வாயால், இப்படி ஒரு வரி.

சனிக்கிழமை காலை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினேன். காசிம் சாகிப் அங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்தார். திங்கட்கிழமை ஹைதராபாத் திரும்புகிறார் என்று ஹெட் கிளார்க் சொல்லியிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த இங்கிலீஷ் எதுவும் அவர் முன்னால் நின்றபோது வரவில்லை.

“சார், அவர் தண்ணீரில் ஆசிட் என்றுதான் சொன்னார். நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.”

அவர் தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

“இன்னொரு முறை கேட்கச் சொன்னேனே. ஏன் கேட்கவில்லை?”

“கேட்டால்... எனக்கு மொழி தெரியாது என்று நினைப்பீர்கள் என்று...”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இதைத்தான் சொன்னார்: “உங்களைப் பற்றி ஃபைலில் எழுதப்போவதில்லை. ஆனால் அந்த மனிதர் வீட்டுக்கு நீங்களே போக வேண்டும். என்ன நடந்தது என்று நீங்களே சொல்ல வேண்டும். நாளைக் காலை அவர் இங்கே இருக்க வேண்டும்.”

புத்தூர் போய், பஸ் மாறி, நாராயணவனம் தாண்டி நாகலாபுரத்தில் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. விசாரித்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தேன். முனிரத்தினத்தின் வீட்டு வாசலில் ஒரு தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அவர் மனைவி கஸ்தூரி அதில் வேட்டிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்!” என்று ஓடிவந்தார் முனிரத்தினம். “ஏய், மோர் கொண்டா. சித்தூரு ஆபீஸ் சாரு. அன்னிக்கி எனக்காகப் பேசினாரே, அவருதான்.”

மோர் வந்தது. குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஷல், வில் உட்பட. காசிம் சாகிப் இரண்டாவது முறை கேட்கச் சொன்னதையும், நான் கேட்காததையும் சொன்னேன். காகிதம் வாங்க வந்த அன்று முனிரத்தினம் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன்.

பேசியது கஸ்தூரி.

“தெரிஞ்சுதான் அனுப்பிச்சியா? இந்த மனுசன் மூணு நாளா சோறு துன்னல. ‘நானே ஒளறிட்டேனோ, நானே ஒளறிட்டேனோ’ன்னு தனியா பேசிக்கினு கெடக்குது. நீ அங்க தெரிஞ்சிக்கினே குந்தியிருந்தியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ‘சார்’ இல்லை, ‘நீங்க’ இல்லை. அந்த ‘நீ’ எனக்கு வேண்டியதுதான்.

“உடு கஸ்தூரி. வந்து சொல்றாரே, அதுவே பெருசு” என்றார் முனிரத்தினம். பிறகு என்னைப் பார்த்தார். “நாளைக்குத் திரும்பக் கேப்பாரா சார்?”

“கேட்பார்.”

“யாரு மாத்திச் சொல்றது? திரும்ப நீங்கதானா?”

மோரைக் கீழே வைத்துவிட்டேன்.

“வாயே வேணாம் சார்” என்றார் அவர். “கையால செஞ்சி காட்டிடறேன்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காசிம் சாகிப் தனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியரிடம் சொல்லி, திருப்பதியில் ஒரு கல்லூரியின் லேபைத் திறக்க வைத்திருந்தார். மேஜையில் ஆசிட் பாட்டில், கண்ணாடிக் குடுவை, கண்ணாடிக் குச்சி, தண்ணீர். கைகாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். ஒரு கேள்வியும் இல்லை.

முனிரத்தினம் உடனே பாட்டிலைத் தொடவில்லை. முதலில் லேபைச் சுற்றிப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். ஒரு பக்கெட் நிறையப் பிடித்துத் தன் காலருகே வைத்துக்கொண்டார். கதவைத் திறந்து வைத்தார். கையில் இருந்த மோதிரத்தைக் கழற்றினார். எல்லாம் முடிந்து பாட்டிலை எடுக்கப் போனவர், நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

“நீங்க அந்தாண்ட போய் நில்லுங்க சார். கண்ணுல கிண்ணுல பட்டுடப் போவுது.”

என் கண்ணைப் பற்றி அவருக்குக் கவலை! நான் சுவரோரமாகப் போய் நின்றேன்.

குடுவையில் முதலில் தண்ணீர். பிறகு கண்ணாடிக் குச்சி வழியாக, நூல் மாதிரி, ஆசிட். கொஞ்சம் விட்டார், கலக்கினார், புறங்கையால் குடுவையின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடு பார்த்தார், காத்திருந்தார். சூடு தணிந்த பிறகுதான் அடுத்த நூல். அந்த நிதானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. காசிம் சாகிப் அவர் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் எழுந்து வந்து, முனிரத்தினத்தின் ஈரக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். “இவர் செய்ததை எழுதுங்கள். எழுதியதை இவருக்கு இவருடைய மொழியில் படித்துக் காட்டுங்கள். இவர் சரி என்றால்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.”

என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே ரொம்ப ஜாக்கிரதையாக எழுதியது அந்த அரைப் பக்கம்தான். தண்ணீர் எங்கே, ஆசிட் எங்கே என்று மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அல்லாம் சரி சார். ‘மெதுவா’ன்றத எழுதலியே?”

எழுதவில்லைதான்!

“அதான் சார் முக்கியம். அத உட்டுட்டா, தண்ணில ஆசிட்ட ஊத்தினாலும் தெறிக்கும்.”

எழுதிச் சேர்த்தேன். காசிம் சாகிப் கையெழுத்துப் போட்டார். மெட்ராஸ் சர்டிபிகேட் அன்றைக்கு ஆந்திராவிலும் செல்லுபடியானது.

முனிரத்தினத்துக்கு ரேணிகுண்டாவில் வேலை கிடைத்தது. பம்பாய்க்குக் கட்டிய பெட்டி அங்கே போய் இறங்கியது. ரிட்டையர் ஆகும்வரை அங்கேதான் இருந்தார், கடைசியில் ஃபோர்மேன். தமிழ்ப் பையன்கள், தெலுங்குப் பையன்கள் என்று எத்தனையோ பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். அவர் காலத்தில் அங்கே ஒருவருக்கும் கண் போகவில்லை என்று அவர்களில் ஒருவர் சொல்லக் கேட்டேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது எதிர்ப்படுவார். “இன்னா சார், எழுதிக்கினே கீறீங்களா?” என்பார். நான் பத்தி எழுத ஆரம்பித்த பிறகு அவர் கேட்டது அது ஒன்றுதான். பழைய கதையை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது.

பாஸ்கருடைய கவரில் இருந்தது, ஜெர்மனில் மாற்றுகிறவர் பார்த்து மாற்ற வேண்டிய இங்கிலீஷ் விவரங்கள். அதை மூன்று நாள் வைத்திருந்து, ஹேமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வரி வரியாகக் கேட்டுத்தான் பார்த்துக் கொடுத்தேன். “என்ன அங்கிள், எக்ஸாம் மாதிரி இருக்கு” என்று சிரித்தாள். எக்ஸாம்தானம்மா... யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. முனிரத்தினத்தின் பெண் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முனிரத்தினம் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தார். கஸ்தூரி என் இலைக்கு எதிரே வந்து நின்று, எல்லாம் பரிமாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அதற்கு மட்டும் எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.